குத்தினாரா, குத்தியிருப்பாரா?

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1996-இல். தம்பு செட்டி தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் எங்கள் அறை. இரண்டு டைப்ரைட்டர், ஒரு மின்விசிறி, கூரை வரைக்கும் கட்டுக்கட்டாகக் கேஸ் காகிதம். கீழ்க் கோர்ட்டில் தமிழில் பதிவான சாட்சி வாக்குமூலங்களை மேல்முறையீட்டுக்காக ஆங்கிலத்தில் பெயர்த்து, டைப்டு செட்டாகத் தைத்து, வக்கீல் ஆபீசுகளுக்கு அனுப்புவோம். சாயங்காலம் நாலு மணிக்குக் குமாஸ்தாக்கள் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். யோசிக்க நேரம் கிடையாது. கை ஓட வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, ஒரு கொலைக் கேஸ் வந்தது. பால்காரர் ஒருவர் சாட்சி. விடிகாலையில் சத்தம் கேட்டுச் சந்துக்குள் போயிருக்கிறார். கீழே ஒருவர் கிடக்கிறார், இன்னொருவர் ஓடுகிறார். முதல் விசாரணையின் கடைசி வரியில் ‘அவர்தான் குத்தியிருப்பார்’ என்று இருந்தது. நான் அதை ஆங்கிலத்தில் ‘குத்தியிருந்தார்’ என்று பொருள்படும்படி அடித்துவிட்டேன். இரண்டு எழுத்து வித்தியாசம்தானே. ‘இருப்பார்’, ‘இருந்தார்’.

அந்த அறைக்குச் சொந்தக்காரரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்புப் பென்சிலால் அந்த ஒரு சொல்லை மட்டும் வட்டம் போட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“ஏம்மா, இவன் குத்துனதைப் பார்த்தானா?”

“இல்ல சார். ஓடுனதைத்தான் பார்த்திருக்கார்.”

“அப்போ குத்தினான்னு எப்படிச் சொல்ற? அவன் சொல்லலையே. நீதான் சொல்லியிருக்க. உன்னைக் கூண்டுல ஏத்தணும்.”

திருத்திக் கொடுத்தேன். இந்த முறை ‘வுட் ஹேவ்’ என்று போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தான் பழக்கம். ‘போயிருப்பார்’ என்றால் ‘வுட் ஹேவ் கான்’. சார் அதையும் வட்டம் போட்டார். அந்தச் சொல்லை நம் ஊரில் எல்லோரும் ஊகத்துக்குத்தான் பயன்படுத்துகிறோம், ஆனால் இங்கிலீஷை வேறு விதமாகப் படித்த ஒருவர் அதைப் பார்த்தால் வாக்கியம் பாதியில் நிற்பதாக நினைப்பார் என்றார். ‘குத்தியிருப்பார், ஆனால்...’ என்ன ஆனால்? யாராவது தடுத்தார்களா? கத்தி கிடைக்கவில்லையா? அந்த மொழியில் ‘வுட் ஹேவ்’ என்றதுமே படிப்பவர் காது ஒரு ‘இஃப்’ வருமென்று காத்திருக்கும். குத்தாத ஒருவரைப் பற்றிய வாக்கியமாக அது மாறிவிடும். கடைசியில் ‘மஸ்ட் ஹேவ்’ என்று அவரே எழுதினார். எழுதிவிட்டு, “இப்போ அவன் பார்க்கலைன்னு இங்கிலீஷ்லயும் தெரியுது பார்” என்றார்.

அந்த வரி எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. ‘மஸ்ட்’ என்பது வலுவான சொல் அல்லவா? கட்டாயம், நிச்சயம் என்று அகராதியில் இருக்கிறதே? பிறகு ஒரு நாள் டீ குடிக்கும்போது விளக்கினார். ஒருவர் தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ‘ஹீ இஸ் அட் ஹோம்’ என்கிறார். இன்னொருவர் வாசலில் செருப்பு கிடப்பதைப் பார்த்துவிட்டு ‘ஹீ மஸ்ட் பி அட் ஹோம்’ என்கிறார். எது உறுதி? முதலாவதில் உறுதிச் சொல்லே இல்லை. அதனால்தான் அது உறுதி. இரண்டாமவர் ‘மஸ்ட்’ போட்டதன் மூலம், நான் ஆளைப் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறார்.

இருபத்தெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அதைத்தான். ஆங்கிலத்தில் உறுதியைச் சொல்லும் சொல் ஒவ்வொன்றும், பேசுபவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைக் காட்டிக் கொடுக்கும். ‘ஷ்யூர்லி’ என்று ஆரம்பிப்பவர் எதிராளியின் தலையாட்டலை எதிர்பார்க்கிறார். ‘நோ டவுட்’ என்று ஆரம்பித்தால் அடுத்த வரி ‘பட்’ என்று தொடங்கும், எழுதி வைத்துக்கொள்ளலாம். ‘டெஃபனிட்லி’யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் ஊர் அலுவலகங்களில் ‘டெஃபனிட்லி சார்’ என்ற பதில் வந்தால் நான் அந்த வேலைக்கு வேறு ஆள் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

அந்தச் சிவப்பு வட்டத்துக்குப் பின்னால் சட்டமும் இருந்தது என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிய வந்தது. இருக்கலாம் என்பதற்கும் இருந்தே ஆக வேண்டும் என்பதற்கும் இடையிலுள்ள தூரம் நீளமானது, மேலோட்டமான ஊகத்தையும் திடமான முடிவையும் பிரிப்பது அந்தத் தூரம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் ஒரு தீர்ப்பில் சொன்னது. 1984-இல் இன்னொரு கொலை வழக்கில் அதையே எடுத்துக்கொண்டு, நேரடி சாட்சி இல்லாத, சூழ்நிலைச் சான்று மட்டுமே உள்ள வழக்குகளுக்கு ஐந்து நெறிகளை வகுத்தது. இன்றைக்கும் வக்கீல்கள் வாதத்தில் அந்த இரண்டு ஆண்டுகளையும் உச்சரிக்காமல் இருப்பதில்லை. ‘மே பி’, ‘மஸ்ட் பி’ என்ற இரண்டு சின்னச் சொற்களுக்கு நடுவில் ஓர் ஆளின் ஆயுள் கிடக்கிறது. அதில் ஒன்றைத்தான் நான் ‘இருந்தார்’ என்று தட்டச்சு செய்திருந்தேன்.

‘மஸ்ட்’டைத் தமிழுக்குக் கொண்டுவருவது எதிர்த் திசையில் இன்னொரு தொல்லை. சட்டென்று கை ‘வேண்டும்’ என்று எழுதும். ‘அவர் வீட்டில் இருக்க வேண்டும்’ என்றால் யாரோ அவருக்கு வீட்டுக்காவல் போட்ட மாதிரி இருக்கிறது. ‘அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும்’ என்று பாருங்கள். கட்டளை போய் ஊகம் வந்துவிட்டது. ஒரு ‘தான்’ செய்யும் வேலை. இப்போது கணினி மொழிபெயர்த்துத் தரும் பிரதியைத் திருத்தும் வேலைதான் எனக்கு அதிகம் வருகிறது. பத்துக்கு ஏழு இடத்தில் அதற்கு இந்தத் ‘தான்’ தெரிவதில்லை. செருப்பைப் பார்த்துச் சொன்னதையெல்லாம் உத்தரவாக மாற்றி வைத்துவிடுகிறது. பழைய என்னைப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

பழைய நான் செய்த இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாடகை வழக்கின் பிரமாண வாக்குமூலத்தில் ‘சர்டன் டாக்குமெண்ட்ஸ்’ காணாமல் போனதாக இருந்தது. ‘நிச்சயமான ஆவணங்கள் காணாமல் போயின’ என்று எழுதினேன். சார் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற குமாஸ்தா உள்ளே எட்டிப் பார்த்தார். ‘ஐ ஆம் சர்டன்’ என்றால் எனக்கு ஐயமே இல்லை. ‘எ சர்டன் பெர்சன்’ என்றால் யாரோ ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன். ஒரே சொல், ஒரு பக்கம் முழு வெளிச்சம், மறு பக்கம் முக்காடு. ‘குறிப்பிட்ட சில ஆவணங்கள்’ என்று எழுதியிருக்க வேண்டும். நம் ‘குறிப்பிட்ட’வும் அதே தில்லுமுல்லுதான். குறிப்பிட்ட ஒருவர் என்று எழுதிவிட்டு யாரையும் குறிப்பிடாமல் போய்விடலாம்.

பின்னாளில் ‘சர்டன்’ என்ற சொல்லின் வேரைத் தேடிப் பார்த்தேன். லத்தீனில் சலித்துப் பிரிப்பது என்ற வினையிலிருந்து வந்தது அது. மாவைச் சலிக்கும்போது கப்பி மேலே நிற்கும், மாவு கீழே விழும். அப்படிப் பிரிந்து நின்றது எதுவோ அது ‘சர்டன்’. பிரித்து எடுத்ததால் நிச்சயம், பிரித்து எடுத்த ஏதோ ஒன்று என்பதால் ‘ஒரு குறிப்பிட்ட’. இரண்டும் ஒரே சல்லடையில் விழுந்தவை. இது தெரிந்த பிறகு அந்தச் சொல்மேல் இருந்த கோபம் போய்விட்டது. ‘ஷ்யூர்’ என்பதன் வேர் இன்னும் அழகு, கவலையற்று இருப்பது. உண்மைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, மனசு நிம்மதியாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ‘ஐ ஆம் ஷ்யூர்’ என்பவரிடம் ஆதாரம் கேட்டால் முகம் மாறுவது அதனால்தானோ என்னவோ.

‘மஸ்ட்’டின் பழங்கதைதான் எனக்குப் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் அது அனுமதியைச் சொன்ன வினையின் இறந்தகால வடிவம். ‘செய்யலாம்’ என்ற குடும்பத்தில் பிறந்த சொல், சில நூற்றாண்டுகளில் ‘செய்தே ஆக வேண்டும்’ என்று வளர்ந்துவிட்டது. ‘ஷல்’ முதலில் கடன்பட்டிருப்பதைக் குறித்தது, ‘வில்’ விருப்பத்தைக் குறித்தது. கடனும் ஆசையும் சேர்ந்துதான் அவர்களுடைய எதிர்காலம். 1653-இல் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் இவ்விரண்டுக்கும் விதி போட்டார். தன்மையில் ‘ஷல்’ வந்தால் வெறும் எதிர்காலம், ‘வில்’ வந்தால் மன உறுதி. முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழ். இந்த விதி தெரியாத வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஆற்றில் விழுந்து, ‘ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ’ என்று கத்தினாராம். மூழ்கியே தீருவேன், எவனும் என்னைக் காப்பாற்றக் கூடாது என்று அவர் உறுதியெடுப்பதாக நினைத்து, கரையில் நின்ற ஆங்கிலேயர்கள் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி நின்றார்கள் என்பது அவர்கள் ஊர் வேடிக்கைக் கதை. அந்த விதியை இன்று இங்கிலாந்திலேயே யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் அதற்குப் பிரம்படி உண்டு.

‘ஷல்’ இன்னும் முழுப் பலத்தோடு உட்கார்ந்திருந்த இடம் 1872-இன் இந்திய சாட்சியச் சட்டம். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. பெயர் மாறினாலும் ஊகத்துக்கு அது வைத்த படிகள் மாறவில்லை. ஊகிக்கலாம், ஊகிக்க வேண்டும், முடிவான சான்று என்று மூன்று. முதலாவதில் நீதிபதிக்கு இஷ்டம், ஆதாரம் கொண்டுவா என்றும் கேட்கலாம். இரண்டாவதில் எதிர்த் தரப்பு பொய்யென்று நிரூபிக்கும்வரை நம்பித்தான் ஆக வேண்டும். மூன்றாவதில் பொய்யென்று நிரூபிக்கவே இடம் கொடுக்க மாட்டார்கள், கதவு பூட்டியாகிவிட்டது. உறுதி என்பதை உணர்ச்சியாகப் பார்க்காமல், யார் இனிமேல் பேசலாம், யார் பேசக் கூடாது என்ற ஏற்பாடாகப் பார்த்த மூளை அது. ‘நிரூபிக்கப்பட்டது’ என்பதற்கும் அந்தச் சட்டம் முழு உண்மையைக் கேட்கவில்லை. விவேகமுள்ள ஒருவர், இது உண்மை என்று எடுத்துக்கொண்டு காரியத்தில் இறங்கும் அளவுக்குச் சாத்தியம் இருந்தால் போதும் என்றது. கடவுளிடம் கேட்கிற உறுதியை மனிதரிடம் கேட்காத நிதானம். அந்த வரையறையை மொழிபெயர்க்க எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று.

ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால், தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே தெரியவில்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ராயபுரத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கணவர் வேலைக்குப் போன இடத்தில் காணாமல் போய் ஒன்பது வருஷம். தீர்ப்பைத் தமிழில் எழுதி வாங்க வந்தவர். ‘இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார்’ என்று படித்துக் காட்டினேன். “கருதப்படுறார்னா, செத்துட்டாராம்மா?” என்றார். சட்டப்படி ஆமாம் என்றேன். “நான் பொட்டை எடுக்கணுமா?” என்றார். அதற்கு அந்தச் சட்டத்தில் பிரிவு இல்லை.

உயில், பத்திரம், இன்சூரன்ஸ் பாலிசி என்று வேலை விரிந்தபோது இன்னொரு நுணுக்கம் கண்ணில் பட்டது. பிரிட்டிஷ்காரர்கள் தீ, திருட்டு போன்றவற்றுக்கு ‘இன்சூரன்ஸ்’ என்பார்கள், உயிருக்கு ‘அஷ்யூரன்ஸ்’ என்பார்கள். வீடு தீப்பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். சாவு அப்படியில்லையே. வருமா என்ற கேள்வி இல்லை, எப்போது என்ற கேள்விதான். இன்றைக்கு அந்த வேறுபாடு மங்கிவிட்டது. நம் எல்.ஐ.சி.யின் பெயரிலேயே, 1956-இல் தொடங்கியதிலிருந்து, ‘இன்சூரன்ஸ்’தான் இருக்கிறது. தமிழில் நாம் இரண்டுக்கும் ‘காப்பீடு’ என்று வைத்துக்கொண்டோம். இலங்கைத் தமிழில் ‘காப்புறுதி’. உறுதி என்ற சொல்லை அவர்கள் விடவில்லை. யாழ்ப்பாணத்துப் பத்திரம் ஒன்றை முதல்முறை பார்த்தபோது அந்தச் சொல்லை நான் வாய்விட்டு இரண்டு தடவை படித்தேன்.

இத்தனை வருஷத்தில் என்னை மிகவும் திணற வைத்தது சட்டம் அல்ல, பருவநிலை. ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழாக்க ஒப்புக்கொண்டேன். நாலு பக்கம் முடிந்திருக்கும். ‘லைக்லி’ என்று வந்த இடத்திலெல்லாம் கைக்கு வந்தபடி ‘வாய்ப்புள்ளது’, ‘நேரலாம்’, ‘பெரும்பாலும்’ என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டு போனேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் நடை சலிக்கும் என்ற பள்ளிக்கூடப் புத்தி. அப்புறம்தான் அடிக்குறிப்பைப் பார்த்தேன். அந்த அறிக்கையில் ‘லைக்லி’ என்பது நடை சம்பந்தப்பட்ட சொல்லே அல்ல, அது ஓர் எண். 66 சதவீதமும் அதற்கு மேலும். ‘வெரி லைக்லி’ என்றால் 90-க்கு மேல். ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ 95-க்கு மேல். ‘வர்ச்சுவலி சர்டன்’ 99-க்கு மேல். கீழ்நோக்கியும் இதே மாதிரி படிகள். நான் நாலு பக்கத்தில் ஒரே எண்ணை மூன்று விதமாகச் சொல்லியிருந்தேன். அவ்வளவையும் கிழித்தேன்.

இப்படிச் சொல்லுக்கு எண் கட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது ஷெர்மன் கென்ட் கிடைத்தார். யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து, அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வுக்குப் போனவர். 1951 மார்ச்சில் அவருடைய குழு ஓர் அறிக்கை தயாரித்தது. அந்த ஆண்டு சோவியத் அணி யூகோஸ்லாவியாவைத் தாக்குமா என்பது கேள்வி. தாக்குதலை ‘சீரியஸ் பாஸிபிலிட்டி’யாகக் கருத வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வெளியுறவுத் துறைக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் கென்ட்டைக் கேட்டார், அப்படியென்றால் எவ்வளவு என்று. நூற்றுக்கு 65 என்றார் கென்ட். கேட்டவர் ஆடிப்போனார், அவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட்டுக்குத் தூக்கம் போயிற்று. அந்தச் சொல்லுக்குச் சம்மதித்த தன் குழுவினரிடமே ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் 80 என்றார், இன்னொருவர் 20 என்றார். எல்லோரும் ஒரே சொல்லில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்!

1964-இல் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அப்போது துறைக்குள் மட்டும் சுற்றியது, பிறகு வெளியானது. ‘ஆல்மோஸ்ட் சர்டன்’ என்றால் 93, கூடக் குறைய 6. ‘ப்ராபபிள்’ என்றால் 75, கூடக் குறைய 12. இப்படி ஒரு பட்டியல் போட்டார். சகாக்களில் சிலர் எதிர்த்தார்கள். அவர்களைக் கவிஞர்கள் என்றும் தன் பக்கத்தவரைக் கணிதர்கள் என்றும் பெயர் வைத்துக் கிண்டலடித்தார். நான் கவிஞர்கள் கட்சியில் பிறந்து, கணிதர்கள் கட்சிக்குப் போனவள்.

அந்தப் பருவநிலை அறிக்கைக்காகத் தமிழில் ஓர் ஏணி கட்டினேன். ‘ஏறத்தாழ உறுதி’, ‘மிகப் பெரும்பாலும்’, ‘பெரும்பாலும்’ என்று இறங்கி, நடுவில் ‘நடக்கவும் நடக்காமல் போகவும் ஏறக்குறையச் சம வாய்ப்பு’ என்று ஒரு நீளமான படி. முதல் பக்கத்திலேயே எண்களோடு அட்டவணை போட்டேன். பிறகு ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, சலிப்புத் தட்டினால் தட்டட்டும். நம் ஊரில் இது ஒன்றும் புதிது இல்லை. வானிலை அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறோமே, அதற்குப் பின்னாலும் அளவு இருக்கிறது. அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால்தான் அந்தச் சொல். ‘ஒருசில இடங்களில்’ என்றால் 26 முதல் 50. நாம் மழுப்பல் என்று நினைத்தது அவர்களுக்குக் கணக்கு.

அந்தப் பருவநிலைக் குழுவின் அறிக்கைகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு நாவல் மாதிரி இருக்கிறது. 1995-இல் பருவநிலை மாற்றத்தில் மனிதரின் பங்கு தெரிவதாகச் சான்றுகளின் தராசு சாய்கிறது என்ற அளவில் மெல்லச் சொன்னார்கள். 2001-இல் ‘லைக்லி’. 2007-இல் ‘வெரி லைக்லி’. 2013-இல் ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’. 2021-இல் ஏணியையே தள்ளிவிட்டு ‘அன்இக்குவிவகல்’ என்று எழுதினார்கள். எண்ணே இல்லாத சொல். இரு குரலுக்கு இடமில்லாதது என்று அதன் லத்தீன் வேருக்குப் பொருள் கொள்ளலாம். ஒரு படி ஏற ஆறேழு வருஷம், ஆயிரக்கணக்கான ஆய்வுத்தாள். நான் ‘ஐயத்துக்கு இடமில்லை’ என்று எழுதினேன். எங்கள் மேடைப் பேச்சில் ஒரு மணி நேரத்துக்குப் பத்துத் தடவை உருளும் சொல் அது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. வேறு சொல் அகப்படவில்லை.

‘இனெவிடபிள்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். வேர்ப்பொருள் சுலபம், தவிர்க்க முடியாதது. ஆனால் தமிழில் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்றாலே கூட்டம் ரத்து, ரயில் தாமதம், அமைச்சர் வரவில்லை. நோட்டீஸ் பலகையில் தொங்கித் தொங்கிக் கயிறு இற்றுப்போன தொடர். அதைப் படிக்கும் ஒருவராவது அந்தக் காரணம் தவிர்க்க முடியாததுதான் என்று நம்பியதாக நான் பார்த்ததில்லை. ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் ‘இனெவிடபிள்’ வந்த இடத்தில் ‘விதி’ என்று எழுதிவிட்டு, ராத்திரி எழுந்து வந்து அடித்தேன். திருக்குறளின் 38-ஆம் அதிகாரமான ஊழுக்கு ஜி.யு. போப் 1886-இல் ‘ஃபேட்’ என்று தலைப்பிட்டார், அது பொருந்தும். ஊழ் முன்பே எழுதப்பட்டது. ‘இனெவிடபிள்’ அப்படியில்லை. அதில் ஒருவர் தப்பிக்கப் பார்த்திருக்கிறார், வழியெல்லாம் அடைபட்டிருக்கிறது. ‘பௌண்ட் டு’ என்பதிலும் ஒரு கயிறு தெரிகிறது. இவற்றுக்கு நான் பிறகு நம்பியது வினையைத்தான். ‘வந்தே தீரும்’. ஓர் ஏகாரமும் ஒரு ‘தீரு’மும். வருவது மட்டும் மிச்சம், வேறெல்லாம் தீர்ந்தாயிற்று.

பேச்சில் நமக்கு இதைவிட வலுவானது ஒன்று உண்டு. “எங்க இருக்கீங்க?” என்று போனில் கேட்டால், “இதோ வந்துட்டேன்” என்போம். அப்போது பஸ் இன்னும் சைதாப்பேட்டையைத் தாண்டியிருக்காது. நடக்காததை நடந்ததாகச் சொல்வது பொய் இல்லை, இலக்கணம் என்று நன்னூல் அனுமதி கொடுத்திருக்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் காலம் மாறி வரலாம் என்கிறது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் ‘மழை பெய்தது’ என்று இறந்த காலத்திலேயே சொல்லலாம் என்று உரைக்காரர்கள் காட்டுவார்கள். மேகம்கூட இன்னும் வந்திருக்காது. ஆங்கிலத்தில் இதைச் செய்ய நான் எத்தனையோ தரம் முயன்று தோற்றிருக்கிறேன். பொய்சாட்சி மாதிரி ஆகிவிடுகிறது.

இப்போது கையில் இருப்பது ஆஸ்பத்திரி வேலை, அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவங்கள். இதிலும் சொல்லுக்கு எண் உண்டு. மருந்துத் துண்டுச்சீட்டுகளில் ‘காமன்’ என்றால் நூறு பேரில் ஒன்றிலிருந்து பத்துப் பேர் வரை, ‘ரேர்’ என்றால் பத்தாயிரம் பேரில் ஒன்றிலிருந்து பத்துப் பேர் வரை. ஒரு தடவை அவசரத்தில் ‘ரத்தக்கசிவு ஏற்படும்’ என்று எழுதிவிட்டேன், ‘ஏற்படக்கூடும்’ என்று இருந்திருக்க வேண்டியது. ஒரு நாள் முழுக்க அந்தப் படிவத்தைப் பார்த்தவர்கள் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போனார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ‘கூடும்’ என்பதை எதிர்மறையாக்கிப் பாருங்கள், அங்கேயும் ஒரு குழி. ‘வரக்கூடும்’ என்றால் வரலாம். ‘வரக்கூடாது’ என்றால் வாசலிலேயே நில். ‘வராமலும் போகலாம்’ என்று சுற்றித்தான் வர வேண்டும். ஆங்கிலத்து ‘மே நாட்’டுக்கும் இதே இரட்டை முகம்.

போன மாதம், திருத்திய படிவம் ஜனங்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க நானே வார்டுக்குப் போனேன். பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்த ஒரு பெரியம்மாவுக்கு நர்ஸ் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் உட்கார்ந்து நான் அடுக்கிய ‘அரிதாக’, ‘மிக அரிதாக’, ‘ஏற்படக்கூடும்’ எல்லாம் ஒவ்வொன்றாக அவர் வாயிலிருந்து வந்தன. பெரியம்மா பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, “இதெல்லாம் எனக்கு வருமா, வராதாடி?” என்றார்.

நர்ஸ் என்னை ஒரு தடவை பார்த்தார்.

“வராது பாட்டி. கையெழுத்துப் போடுங்க.”